சிகரெட்டை நிறுத்த வேப்: முதல் கருவி வாங்கும்போது செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் சிகரெட்டை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மருத்துவத் துறையே ‘வேப்’ கருவியை, அதாவது நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்கருவியைப் பரிந்துரைக்கிறது. 2023இல், பத்து லட்சம் பேருக்குத் தொடக்கக் கருவி கொடுக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. ஆனாலும் வாங்கிய இரண்டாவது வாரமே கருவி இழுப்பறைக்குள் போய், சிகரெட் பெட்டி மறுபடி சட்டைப்பைக்கு வந்துவிடுகிறது பலருக்கு. மனவுறுதி இல்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பல நேரம் கோளாறு மனதில் இல்லை, கையில் இருக்கும் கருவியில்தான்.

சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைத் தொட வேண்டாம். வேப்பிலும் நிகோட்டின் இருக்கிறது, அது விடாது பிடிக்கும். நான் பேசுவது ஏற்கெனவே புகைப்பவர்களிடம்.

நான் பார்த்த வரை பெரிய தவறு, புகை மண்டலத்தைப் பார்த்து மயங்கிப் பெரிய பெட்டி போன்ற ‘மாட்’ கருவியை வாங்குவது. சிகரெட் பிடிப்பவர் புகையை முதலில் வாயில் நிறுத்தி, அப்புறம்தான் உள்ளே இழுப்பார். பெரிய கருவிகளில் பலவற்றில் நேராக நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். பழகாதவருக்கு முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொள்ளும். திரவமும் தண்ணீராய்ச் செலவாகும். பிரிட்டன் சட்டப்படி திரவம் ஊற்றும் டேங்க் 2 மில்லிலிட்டர்தான் என்பதால் நாளெல்லாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ‘பாட்’ எனும் சின்னக் கருவிக்கென்று விற்கும், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள ‘நிக்சால்ட்’ (நிகோட்டின் உப்பு) திரவத்தை இதில் ஊற்றிவிட்டால் தலைசுற்றலும் குமட்டலும் வரும்.

இவற்றில் பலவும் கழற்றி மாட்டும் 18650 எனும் உருளை வடிவ பேட்டரியில் ஓடுபவை. அதன் மேலுறை கிழிந்திருந்தாலோ, சாவி, சில்லறையோடு பையில் கிடந்தாலோ ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பாதுகாப்பு மின்சுற்றே இல்லாத ‘மெக்கானிக்கல் மாட்’ பக்கம் புதியவர் போகவே கூடாது.

சரி, சின்னப் ‘பாட்’ வாங்கினால் போதுமா? தொடங்குவதற்கு அதுதான் நல்லது. ஆனால் அதன் பேட்டரி சிறியது. அதிகம் இழுப்பவருக்கு மாலைக்குள் தீர்ந்துவிடும். சார்ஜ் தீர்ந்த அந்த நேரத்தில்தான் கடைக்குப் போய் சிகரெட் வாங்குகிறார்கள். கூடவே இன்னொரு பாட் கருவி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறை, கிளிசரின் கூடுதலாக உள்ள கெட்டியான திரவம், அதை உறிஞ்சும் பஞ்சில் ஏறாது. கிளிசரினும் அதைவிட நீர்த்த புரொப்பிலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்ததே சரி. புது ‘காயில்’ (coil, பஞ்சோடு சேர்ந்த சூடாகும் கம்பிச்சுருள்) போட்டுத் திரவம் ஊற்றியதும் பத்து நிமிடம் காத்திருங்கள். உடனே இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகும், அந்தச் சுவை தொண்டையை விட்டுப் போகாது, காயிலும் வீண். நன்றாக வைத்திருந்தாலும் காயில் ஒன்றிரண்டு வாரம்தான் வரும், இனிப்புத் திரவமானால் அதற்கும் முன்பே அடைபடும். இது தெரியாமல் கருவியே கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடுகிறார்கள்.

திரவம் நிரப்பியே வரும் பாட்கள் சுலபம், ஆனால் ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடும், செலவும் கூடும். தீர்ந்ததும் தூக்கி எறியும் வகை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் விற்கத் தடை.

நிகோட்டினைக் குறைத்து வாங்குவதும் தவறுதான். நாளுக்கு இருபது சிகரெட் பிடித்தவர் 3 மில்லிகிராம் திரவத்தோடு சின்னப் பாடில் தொடங்கினால் தவிப்பு அடங்காது. மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்குள், தவிப்பை அடக்கும் அளவில் தொடங்கி மெல்லக் குறைக்கலாம். ‘காலையில் ஒரு சிகரெட், மற்றபடி வேப்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒன்று விரைவில் ஐந்தாகும். திரவப் புட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், விழுங்கினால் அது விஷம்.

ஊருக்குப் போகும் நம்மவர்கள் மறப்பது ஒன்று உண்டு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைக் கொண்டுவருவதும் விற்பதும் குற்றம். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே விடுமுறைக்குக் கிளம்பும்போது கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சென்னை மருந்துக்கடைகளில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது.