அலெக்சாண்டர் விட்டுச்சென்றதைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சுப் போட்டிக்கோ யூடியூப் காணொளிக்கோ அலெக்சாண்டரைப் பற்றிக் குறிப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கி.மு. 336-இல் அரியணை ஏறி, கி.மு. 323-இல் 32 வயதில் இறந்துபோன ஒருவரின் கணக்கில், அவருக்கு முந்தைய இருநூறு ஆண்டு உழைப்பும் பிந்தைய முந்நூறு ஆண்டு உழைப்பும் சேர்ந்துவிடுகின்றன. எந்தச் சாதனையை எழுதினாலும் அதன் பக்கத்தில் ஆண்டையும், அதைச் செய்தவர் பெயரையும், அதைச் சொல்லும் மிகப் பழைய சாட்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் கிடைக்காத செய்தியை விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் "கடைசி மூன்று ஆசைகள்" கதையையே எடுத்துக்கொள்வோம். மருத்துவர்களே சவப்பெட்டியைச் சுமக்க வேண்டும், வழியெங்கும் செல்வத்தை இறைக்க வேண்டும், வெறுங்கைகள் வெளியே தொங்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். அவர் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர்கள் எவரிடமும் இது இல்லை. சாகும் தறுவாயில் அவருக்குக் குரலே எழவில்லை; வரிசையாக வந்த வீரர்களைத் தலையசைத்தும் கண்ணாலும்தான் ஏற்றுக்கொண்டார் என்கிறார் அவர்களில் ஒருவரான அரியன். உடலைப் பொற்பெட்டியில் வைத்து, 64 கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் கொண்டுசென்றதை இன்னொருவரான டயோடோரஸ் விரிவாக எழுதியிருக்கிறார். வெறுங்கை வாதத்துக்கு அங்கே இடமே இல்லை.

"வெல்ல இனி உலகம் இல்லையே என்று அழுதார்" என்பதும் அப்படித்தான். புளூட்டார்க் சொல்வது நேர்மாறானது. எண்ணற்ற உலகங்கள் உண்டென்று தத்துவஞானி ஒருவர் சொல்லக் கேட்டு, ஒன்றுக்குக்கூட இன்னும் தலைவனாகவில்லையே என்றுதான் அவர் அழுதாராம்.

சாட்சிகளை எடைபோடுவது எப்படி?

இன்று நம் கையில் முழு வரலாறாக இருப்பவை டயோடோரஸ், கர்ட்டியஸ், புளூட்டார்க், அரியன், ஜஸ்டின் ஆகியோர் எழுதியவை. இவர்களில் மூத்தவரான டயோடோரஸே அலெக்சாண்டர் இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து எழுதியவர். உடன் சென்ற தாலமியும் அரிஸ்டோபுலஸும் எழுதிய நூல்கள் அழிந்துவிட்டன. அவற்றின் சாரம் பெரும்பாலும் அரியன் வழியாகவே நமக்குத் தெரியும். அதனால் "அலெக்சாண்டர் சொன்னார்" என்று எழுதாமல் "அவர் சொன்னதாக அரியன் எழுதுகிறார்" என்று எழுதுங்கள். இரண்டே சொல் கூடும், நேர்மை பல மடங்கு கூடும்.

படை எண்ணிக்கைக்கு இது இன்னும் அவசியம். அலெக்சாண்டர் பாரசீக அரசனைத் தோற்கடித்த கௌகமேலாப் போரில் பாரசீகத் தரப்பில் பத்து லட்சம் காலாட்படை என்கிறார் அரியன். கர்ட்டியஸ் இரண்டு லட்சம் என்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்தாலும் பத்து லட்சம் பேருக்கு தினமும் 1000 டன் வேண்டும். அத்தனையையும் விலங்குகளின் முதுகில் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாலே பெரிய எண்ணின் பலவீனம் தெரிந்துவிடும்.

அந்தந்த நாளிலேயே எழுதப்பட்ட சாட்சியும் உண்டு. பாபிலோன் வானியலாளர்களின் களிமண் பலகைகள் கௌகமேலாப் போரைக் கி.மு. 331 அக்டோபர் 1 என்று நிறுத்துகின்றன. அதற்குப் பதினோரு நாள் முன்பு நிகழ்ந்த சந்திர கிரகணத்தையும் குறிக்கின்றன. அலெக்சாண்டர் இறந்த நாள் கி.மு. 323 ஜூன் 11 என்று தெரிவதும் இந்தப் பலகைகளால்தான். கிரேக்க நூல்களோடு இவை முரண்படும் இடங்களில், தேதிக்குப் பலகையை நம்புவதே முறை.

பாரசீகத்தின் உழைப்பை மறைத்துவிடாதீர்கள்

"அலெக்சாண்டர் ஒரு பேரரசைக் கட்டினார்" என்ற வாக்கியமே கோணல். அவர் வென்ற நிலத்தின் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே பாரசீகரின் கீழ் ஒரே பேரரசாக இருந்தது. இன்றைய துருக்கியில் உள்ள சார்டிஸிலிருந்து ஈரானில் உள்ள சூசா வரை ஏறக்குறைய 2500 கிலோமீட்டர் அரச சாலையும், அதில் 111 தங்குமிடங்களும் இருந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸில் 1933-34இல் கிடைத்த களிமண் ஆவணங்கள், பணியாளர்களுக்கும் பயணிகளுக்கும் தானியம் அளந்து கொடுத்த கணக்கைக்கூட வைத்திருக்கின்றன. இந்த நிர்வாகத்தை அலெக்சாண்டர் கலைக்கவில்லை. பாபிலோனில், தன்னை எதிர்த்துப் போரிட்ட மசேயஸையே ஆளுநராக அமர்த்தினார். அவ்வளவு விரைவாக அவரால் முன்னேற முடிந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு முக்கியக் காரணம்.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இதே அநீதி நடக்கிறது. கி.மு. 331-இல் எகிப்தில் அலெக்சாண்டிரியா நகருக்கு இடம் குறித்தவர் அவர்தான். அது எழுந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. நூலகமும் கலங்கரை விளக்கமும் அவருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மரபு அரசர்களின் வேலை. காந்தார புத்தர் சிலைகளை "அலெக்சாண்டரோடு வந்த கலை" என்பது அதைவிடப் பெரிய தாவல்: அவருக்கும் அந்தச் சிலைகளுக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு, நானூறு ஆண்டுகள் இருக்கின்றன. நடுவே பாக்டிரியக் கிரேக்கரும் இந்தோ-கிரேக்கரும் சகரும் குஷாணரும் ஆண்டார்கள். அவர் 70-க்கும் மேற்பட்ட நகரங்களை நிறுவினார் என்பது புளூட்டார்க் தரும் எண். உறுதியாக ஏற்கத்தக்கவை அதில் சிறு பகுதியே.

நாணயம் காட்டும் ஏமாற்று

காணொளிகளின் முகப்பில் வரும் சிங்கத்தோல் தலைக்கவச வெள்ளி நாணயத்தில் இருப்பது ஹெராக்ளிஸ். பின்புறம் அமர்ந்திருப்பவர் ஜீயஸ். அலெக்சாண்டர் பெயர் பொறித்த இவ்வகை நாணயங்களை அவர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சில நகரங்கள் அடித்துக்கொண்டிருந்தன, வணிகர்கள் அதை நம்பி வாங்கினார்கள் என்பதற்காக. பெயர் இருப்பதால் அவர் காலத்து நாணயம் ஆகிவிடாது. அவர் முகத்தையே காட்ட வேண்டுமானால், ஆட்டுக்கடா கொம்போடு அவருடைய தளபதி லிசிமாக்கஸ் வெளியிட்ட நாணயத்தைப் பயன்படுத்துங்கள்; அதுவும் இறப்புக்குப் பிந்தையதே, அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இந்தியா பற்றிய பகுதியில் இரண்டு முனைகளிலும் மிகை நடக்கிறது. ஜீலம் ஆற்றங்கரையில் கி.மு. 326-இல் அவரை எதிர்த்த அரசர் போரஸ்தான் வென்றார் என்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. இந்தியாவே அலெக்சாண்டரிடம் வீழ்ந்தது என்பதும் பொய். பியாஸ் ஆற்றோடு அவர் படை மேலே செல்ல மறுத்துவிட்டது. உண்மையான தொடர் விளைவு பின்னால் வந்தது. அவருடைய தளபதிகளில் ஒருவராக இருந்து அரசரான செலூக்கஸ் சிந்து பக்கத்து நிலங்களைச் சந்திரகுப்த மௌரியருக்கு விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார், கி.மு. 301-இல் அலெக்சாண்டரின் வாரிசுகளுக்குள் நடந்த இப்சஸ் போரில் யானைப்படை அவருக்குப் பெரும் பலமானது.

அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் வரும் "அலிகசுதர" என்ற பெயரை மாவீரன் அலெக்சாண்டர் என்று எழுதுவோர் உண்டு. அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன நிலையில், அந்த நாளில் ஆண்டுகொண்டிருந்த வேறொரு கிரேக்க அரசரைத்தான் அது குறிக்கிறது. அதே கல்வெட்டு, அந்தியோக்கஸ், தாலமி ஆகிய கிரேக்க அரசர்களோடு சோழரையும் பாண்டியரையும் சொல்கிறது. தமிழ் வாசகர்களுக்கு எழுதும்போது இதைத் தவறவிடக் கூடாது.

சங்கப் பாடல்களின் யவனரை அலெக்சாண்டர் படையின் மிச்சமாகக் காட்டுவதும் வேண்டாம். அவர்கள் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்த வணிகர்கள். அத்துறைகளில் ஒன்றான பெரெனிகேயை நிறுவியவர் இரண்டாம் தாலமி. அங்கே நடந்த அகழாய்வில் ஓர் இந்தியத் தாழியில் ஏழு கிலோவுக்கும் மேல் மிளகு கிடைத்தது. முசிறிச் சரக்கை நைல் வழியே அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுசேர்ப்பது பற்றிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் பாப்பிரஸில் எஞ்சி, இன்று வியன்னாவில் இருக்கிறது.

கடைசியாக, அழிவின் கணக்கைப் பின்குறிப்பில் தள்ளாதீர்கள். கி.மு. 335-இல் கிரேக்க நகரமான தீப்ஸில் 6000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், 30,000-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டு விற்கப்பட்டனர் என்கிறார் டயோடோரஸ். தீவாக இருந்த டயர் நகரை ஏழு மாதம் முற்றுகையிடக் கடலில் கொட்டிய கரைமேட்டில் மணல் சேர்ந்து, லெபனானில் அந்நகரம் இன்று தீபகற்பமாகவே இருக்கிறது. பெர்சிபோலிஸை எரித்தவரைப் பாரசீகரின் பழைய சமயமான சரதுஷ்டிர மரபு "சபிக்கப்பட்டவன்" என்றே நினைவில் வைத்திருக்கிறது. "மாவீரன்" என்று தலைப்பு வைக்கும் கட்டுரையிலும் இந்தப் பெயருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.