கர்ப்பிணிகள் வலி மாத்திரை வாங்கும் முன்

தாய் விழுங்கும் பெரும்பாலான மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் ரத்தத்தில் கலக்கும். 500 டால்டனுக்குக் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) குறைவான, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் சுலபமாகப் போய்விடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் வார்ஃபரின் கடக்கும், உருவில் பெரிய ஹெப்பாரின் கடக்காது. ரத்தம் உறையாமலிருக்கக் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் ஹெப்பாரின் ஊசி போடுவது அதனால்தான்.

அடிக்கடி நடக்கும் தவறு, முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குடநீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். இந்த மாத்திரைகள் அதன் சிறுநீரகத்தைப் பாதித்தால் நீர் குறையும். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயும் சுருங்கலாம். கூட்டு மாத்திரைகளிலும் இவை இருக்கும், அட்டையின் பின்புறத்தை அவசியம் படியுங்கள். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

வலிப்பு, தைராய்டு மாத்திரைகளைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.