பாடசாலைத் திட்டங்களுக்குப் பணம் கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பிலுள்ள தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்குக் கொடுக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, சில பாடசாலைகளுக்கு லண்டனிலும் டொரன்டோவிலும் கிளைகள்கூட உண்டு. ரோட்டரி, லயன்ஸ் கழகங்கள் இருக்கின்றன. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தொகை பெரிதென்றால் தூதரகங்களின் சமூக மானியங்கள் இருக்கின்றன. இத்தனை இருந்தும் நல்ல ஆசிரியர்களின் நல்ல யோசனைகள் கடிதத்தோடு நின்றுபோகின்றன. அநேகமானவை கவிழ்வது கேட்கிற விதத்தில்தான்.

முதலாவதும் பெரியதுமான பிழை, பொருளைக் கேட்பது. “எமது பாடசாலைக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் தேவைப்படுகின்றது. இதன் மூலம் 600 மாணவர்கள் பயன்பெறுவர்.” பாதி விண்ணப்பங்களில் இந்த இரண்டு வரிகளும் அப்படியே இருக்கும். வாசிப்பவருக்கு உடனே கேள்வி எழும். எந்தத் தரம், எந்தப் பாடம், எந்த அலகில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? ஒரு பலகைக்கு முன்னால் 600 பேர் எப்படி உட்காருவார்கள்? பதில் இல்லையென்றால், பக்கத்துப் பாடசாலையில் இருப்பதைப் பார்த்து எழுதியது என்றுதான் அவர் நினைப்பார். பல நேரம் அது உண்மையும்தான்.

மட்டக்குளியிலுள்ள ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். களனி கங்கை பக்கத்திலேயே ஓடுகிறது. நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவுகோல் 5 அடியைத் தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். 2016 மே மாதம் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வந்த தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அவருடைய திட்டம் இதுதான்: தரம் 8 பிள்ளைகள் ஒரு தவணை முழுக்கப் பாடசாலை முற்றத்தில் மழையை அளக்கிறார்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நாகலகம் வீதி நீர்மட்டத்தை அதற்குப் பக்கத்தில் குறிக்கிறார்கள். இங்கே மழை பெய்யாத நாளிலும் ஆறு ஏன் ஏறுகிறது, மேலே எங்கே பெய்த மழை இது என்று தேடுகிறார்கள். கடைசியில் பெற்றோருக்கு ஒரு வரைபடக் கண்காட்சி.

இதற்கு என்ன வேண்டும்? ஒழுங்கான மழைமானி ஒன்று, வெட்டிய சோடாப் போத்தலில் பிள்ளைகள் செய்த மானிகள், பெரிய வரைபடத்தாள், பெயின்ட், ஒரு பிரின்டர். பொருட்கள் சாதாரணமானவை. ஆனால் வாசிப்பவரின் கண்ணுக்கு வகுப்பறை தெரிகிறது. ஸ்மார்ட் போர்ட் கேட்பவரும் இப்படி எழுதலாம்தானே என்றால், தாராளமாக. எழுதிப் பார்க்கும்போதே அது தேவையா இல்லையா என்பது அவருக்கே விளங்கிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் பிழை விடுகிறோம். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியத் திட்டம் பெரும்பாலும் கட்டடம், உபகரணம் போன்ற பெரிய வேலைகளுக்கானது, கையில் கிடைக்கவும் நீண்ட காலம் எடுக்கும். ஒரு வகுப்பின் பொம்மலாட்டத் திட்டத்தை அங்கே அனுப்புவது வீண். அதற்கு ரோட்டரிக் கழகமோ 1990களில் படித்துவிட்டுப் போன ஒரு வகுப்போ போதும். என்னைக் கேட்டால், அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய்க்கு இருப்பது போன்ற வாய்ப்பு பெரிய தொகைக்கு இல்லை. சிறிய பணத்தைக் கேட்க நம்மவர்கள் ஏனோ வெட்கப்படுகிறார்கள்.

அடுத்தது கணக்கு. இங்கேதான் அதிகம் வழுக்குகிறது.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ முதலாம் குறுக்குத் தெருவிலோ ஒரு கொட்டேஷன் வாங்கி, கீழே உள்ள தொகையை அப்படியே விண்ணப்பத்தில் எழுதிவிடுவார்கள். அந்தத் தாளிலேயே சின்ன எழுத்தில் “வாட் நீங்கலாக” என்று இருக்கும். 2024 ஜனவரி 1 முதல் வாட் 18 சதவீதம். 250,000 ரூபாய்ப் பொருளுக்கு 45,000 ரூபாய் துண்டு விழும். அதை யார் போடுவது? நன்கொடையாளரிடம் திரும்பப் போய்க் கேட்பதைவிட வெட்கக்கேடு இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: இந்த விலை 14 நாட்களுக்கு மட்டும். மானியம் கிடைக்க மாதக்கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. அந்தக் காலத்தில் விலை குறித்து வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இறக்குமதிப் பொருளென்றால் விலை கூடினால் எதைக் குறைப்போம் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மூன்று கடைகளின் கொட்டேஷன் கேட்பது பொதுவான வழக்கம். மூன்றையும் ஒரே முதலாளியின் மூன்று பெயர்ப் பலகைகளில் வாங்காதீர்கள், பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

வாங்கிய பிறகு ஆகும் செலவை எழுதாமல் விடுவது இன்னொன்று. பிரின்டருக்கு டோனர், புரொஜெக்டருக்கு பல்ப், களிமண், வர்ணம், தாள். இவற்றைப் பல நன்கொடையாளர்கள் தரமாட்டார்கள். தரமாட்டார்கள் என்பதற்காக எழுதாமல் விடக்கூடாது. “இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று எழுதி, சங்கக் கூட்டத்தில் அதற்கு ஒப்புதலும் வாங்கிக் கூட்டக் குறிப்பின் பிரதியை இணைத்தால் விண்ணப்பத்தின் எடையே மாறிவிடும்.

காசோலை யார் பெயருக்கு? ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். சங்கத்தின் கணக்குக்கு வர வேண்டும், பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். தேசியப் பாடசாலையென்றால் இசுறுபாயவிலுள்ள கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலையென்றால் வலயக் கல்வி அலுவலகம். எந்தப் பக்கம் அறிவிக்க வேண்டும் என்று அதிபரிடம் முதலே கேட்டு வையுங்கள். அதிபருக்கே தெரியாமல் வெளிநாட்டுப் பழைய மாணவருடன் வட்சப்பில் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கையொப்பத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. அந்தக் கையொப்பம் இலேசில் கிடைக்காது.

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். உடனே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த யாரையாவது பிடித்து எழுதிக்கொள்வோம். அவர் பாடசாலைப் பக்கமே வராதவர், கனமான சொற்களை அள்ளிப் போட்டுவிடுவார். பிறகு அதிகாரி பார்க்க வந்து, “நீங்கள் எழுதிய இந்த இலக்கை எப்படி அளப்பீர்கள்?” என்று கேட்டால் டீச்சர் விழிப்பார். முதலில் தமிழில் நீங்களே எழுதுங்கள். மொழிபெயர்த்தவரை உங்களுக்கு முன்னால் உட்காரவைத்து வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். விளங்காத வரியை வெட்டுங்கள்.

இனிப் பணம் வந்த பிறகு. எத்தனையோ ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டி பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும். உடைந்துவிடும் என்ற பயம். கடற்காற்றும் ஈரமும் உள்ள கொழும்பில் பூட்டி வைப்பதே அதற்கு ஆபத்து. இரண்டு மழைக்காலம் போனால் வில்லையில் பூஞ்சணம் நூல் நூலாகப் படர்ந்துவிடும், பிறகு வெங்காயத் தோலைப் பார்த்தாலும் பூஞ்சணம்தான் தெரியும். வெளியே எடுத்துப் பாவியுங்கள், வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

சாவியும் ஒரு பிரச்சினை. திட்டத்தை எழுதியவர் ஒருவர், பயிற்சி பெற்றவரும் அவரே, கடவுச்சொல் தெரிந்தவரும் அவரே. இடமாற்றக் கடிதம் வருகிறது, அவர் போய்விடுகிறார். புதிதாக வந்தவருக்கு அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. விண்ணப்பத்தில் எப்போதும் இரண்டு ஆசிரியர்களின் பெயரைப் போடுங்கள். பொருள் வந்த அன்றே பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் அது இல்லாத பொருளாகிவிடும்.

காலத்தைப் பற்றி ஒரே வார்த்தை: மூன்றாம் தவணையில் எதையும் தொடங்காதீர்கள்.

கடைசியில் அறிக்கை. பெரிய காசோலை அட்டையைப் பிடித்தபடி பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி எடுத்த படம் அறிக்கையாகாது. முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதலும் வேண்டும். அதைவிட, பிள்ளைகள் செய்த வேலையைப் படம் எடுத்து அனுப்புங்கள்: கிறுக்கல் எழுத்தில் குறித்த மழை அட்டவணை, அடித்துத் திருத்திய வரைபடம். சரிவராத பகுதியையும் எழுதுங்கள். பில்களின் பிரதி, செலவு, மிச்சம் எல்லாம் ஒரே தாளில். மிச்சம் 3,200 ரூபாய் என்றாலும் அதில் வேறெதையும் வாங்கிவிடாமல், என்ன செய்யலாம் என்று கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.