நானோ வைரத்தை உயிர்ச் செல்லுக்குள் ஏற்றிப் படம் எடுப்பது எப்படி?

சாயம் போட்ட செல்லை லேசரில் பார்த்துக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் மங்கிவிடும். ஒளிரும் நானோ வைரம் மங்காது. படிகத்தில் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன், அதை ஒட்டியே ஒரு காலியிடம். இந்த என்வி (நைட்ரஜன்-வேகன்சி) மையம்தான் பச்சை ஒளியை வாங்கிச் சிவப்பாகத் தருகிறது. தைவானின் அகாடமியா சினிகாவில் ஹுவான்-செங் சாங் குழு 2005இல் இதை மனிதச் செல்களில் செய்துகாட்டியது.

வாங்கும்போது 100 நானோமீட்டர், கார்பாக்சில் மேற்பரப்பு, தண்ணீரில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று கேளுங்கள். 30, 40 நானோமீட்டர் துகள்களின் ஒளி குறைவு, புதியவர்களுக்கு வேண்டாம்.

முதலில் புட்டியை பாத் சோனிகேட்டரில் (தண்ணீர்த் தொட்டியில் மீயொலியால் குலுக்கும் கருவி) 15 நிமிடம் வையுங்கள். அடுத்துதான் முக்கியமான இடம். இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது.

வைரத்தை நேராகச் செல் வளர்ப்பு ஊடகத்தில் விடக் கூடாது என்று தெரியும், அதனால் அல்புமின் என்ற புரதத்தைப் பூசினேன். ஆனால் அந்த அல்புமினைப் பழக்கத்தில் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்திருந்தேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பால் கலந்தது போல் இருந்த திரவம் தெளிந்துபோய், அடியில் சாம்பல் நிறத் துணுக்குகள். துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நெகட்டிவ் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் தனித்தனியாக நிற்கின்றன. உப்பு பட்டதும் அந்தத் தள்ளுதல் அடங்கி, கட்டி தட்டிவிடும். கூழுக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தானே கொதியில் விடுவோம்? அதே கதைதான்.

ஆகவே அல்புமினை அயனி நீக்கிய வெறும் தண்ணீரில், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரையுங்கள். அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, 100 மைக்ரோலிட்டர் வைரத்தை அதன்மேல் விடுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு மணி நேரம் மெதுவாக ஆட்டுங்கள். அப்புறம் மொத்தத்தையும் 3.8 மில்லிலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் வரும். ஹீலா செல்களுக்கு (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்) 37 டிகிரியில் 4 மணி நேரம் போதும். மூன்று முறை கழுவி, ஃபிக்ஸ் செய்யுங்கள் (செல்லை இருந்தபடியே வேதிப்பொருளால் நிலைப்படுத்துவது).

கான்ஃபோகல் நுண்ணோக்கியில் 532 அல்லது 561 நானோமீட்டர் லேசர், 650 லாங்பாஸ் ஃபில்டர் (650க்கு மேற்பட்ட அலைநீளத்தை மட்டும் விடுவது). சிறு அலைநீள இடைவெளியை மட்டும் விடும் குறுகிய பேண்ட்பாஸ் எனக்குப் பிடிக்காது. என்வியின் ஒளி 800 வரை பரவியிருக்கும், அதை ஏன் வெட்டி எறிய வேண்டும்? ஒரு புள்ளி வைரம்தானா என்று சந்தேகம் வந்தால் லேசரை அதன்மேலேயே 10 நிமிடம் நிறுத்துங்கள். மங்கினால் அது வைரம் இல்லை.

ஒளி அடங்க எடுக்கும் நேரத்தை அளக்கும் லைஃப்டைம் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். செல்லின் சொந்த ஒளி சில நானோ நொடிகளில் அடங்கிவிடும், வைரத்தின் ஒளி 20 நானோ நொடி அளவுக்கு நீளும். முதல் 10 நானோ நொடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பின்னணி ஏறக்குறைய இருட்டாகிவிடும்.

பின்சேர்க்கை: “ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் போட்டது 640 லேசர். சிவப்பாக ஒளிர்வதால் சிவப்பு லேசர் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த அலைநீளத்தை என்வி மிகக் குறைவாகவே உறிஞ்சும். 561க்கு மாற்றியதும் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னொருவர் கருவுக்கு புரொபிடியம் அயோடைடு என்ற சாயமும் போட்டிருந்தார். அதன் ஒளியும் இதே சிவப்பில் விழும். கருவைக் காட்ட டாபி என்ற நீலச் சாயம் போடுங்கள்.