பெத்தகான ஈரநிலத்தில் முதல் நடை: மெதுவாகப் போகத் தெரிந்தால் போதும்

வெள்ளவத்தை மாடிவீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் உடுப்புகள்தான் தெரிகின்றன என்று குறைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்டுயிர் பார்க்க யால, வில்பத்து என்று வான் பிடிக்கத் தேவையில்லை. ஈரநில நகரம் என்று, ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கொழும்பை அடுத்த கோட்டேயில் 1985இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்துக்குள் இருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மேடு பள்ளம் கிடையாது; முழங்கால் வலிக்காரரும் நடக்கலாம்.

முதல் வேலை, முந்தின இரவே பையை ஆயத்தம் செய்வது. தண்ணீர்ப் போத்தல், குடை, நுளம்புக்குப் பூசும் களிம்பு, இருந்தால் ஒரு தொலைநோக்கி. உடுப்பு பச்சை, மண்நிறம் போன்ற மங்கிய நிறத்தில் இருக்கட்டும். நான் முதன்முறை போனபோது வெள்ளைச் சட்டை போட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கதை பேசியபடி இருபதே நிமிடத்தில் சுற்றி முடித்தேன். கண்டது நுளம்பு மட்டும்.

காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். ராஜகிரிய வரை பஸ், அங்கிருந்து முச்சக்கரவண்டி என்றால் சிரமமில்லை. ஒக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் வந்திருக்கும். டிக்கெட் எடுத்ததும் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது முக்கியமான படி. மரப்பலகைப் பாதையில் ஏறியதும் ஐம்பது அடி நடந்து, நின்றுவிடுங்கள். ஐந்து நிமிடம் அசையக் கூடாது. நாம் வந்த அதிர்வில் பதுங்கியவை ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் காது திறக்கும்: புதருக்குள் யாரோ சண்டை பிடிப்பதுபோல் கேட்டால் அது கானாங்கோழி, உடம்பைவிடத் தொண்டை பெரிது அதற்கு. பிறகு கண் பழகும். நீர்த்தாவரங்களின் மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் ஊதாநீலப் பறவை, சிவந்த அலகோடு இருந்தால், நீலத் தாழைக்கோழி. பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காய்வது நீர்க்காகம்; அதன் இறகில் நீர் ஊறிவிடும், அதனால்தான் இந்த வெயில் குளியல். சேற்று நிறத்தில் ஒடுங்கி நிற்கும் மடையானைப் பறக்கும்போதுதான் பலர் காண்கிறார்கள், திடீரென்று வெள்ளைச் சிறகு விரியும்.

இப்படி ஐம்பது அடி நடை, ஐந்து நிமிட நிற்பு என்று தொடருங்கள். மழை பெய்திருந்தால் பலகை வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள். பாதையை விட்டு நீர்விளிம்புக்கு இறங்கவே வேண்டாம். கொழும்பின் கால்வாய்களிலும் சதுப்புகளிலும் முதலைகள் இருக்கின்றன.

பார்வைக் கோபுரத்தில் ஏறினால் சதுப்பின் பரப்பு புரியும். 14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைத் தடுக்க, சிங்கள அரசின் அமைச்சர் அழகக்கோனார் இங்கே கோட்டை கட்டியபோது இந்தச் சேறும் அவருக்கு அரணானது. அன்று யாழ்ப்பாணப் படைக்காகக் காத்திருந்த சேறு, இன்று நமக்கு டிக்கெட்டோடு வழிவிடுகிறது! இப்போதும் அது காவல்தான் செய்கிறது, மழைவெள்ளத்தை ஏந்தி வைத்துக்கொண்டு. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்ததை நினைத்துக்கொண்டு இந்த நீர்ப்பரப்பைப் பாருங்கள்.

பறவைகளுக்கு பாண் துண்டு, பிஸ்கட் எதுவும் போடாதீர்கள்.

வந்த பாதையிலேயே திரும்புங்கள், அதே வேகத்தில். போகும்போது கண்ட மரக்கட்டை திரும்பும்போது இடம் மாறியிருந்தால் அது கபரகொயா, உடும்புக்கு உறவான பெரிய நீர்ப்பல்லி. உடும்பா, கபரகொயாவா என்று குழம்பினால் மூக்குத்துளையைப் பாருங்கள். முகத்தின் நுனிக்கு அருகே இருந்தால் கபரகொயா, கண்ணை நோக்கித் தள்ளியிருந்தால் உடும்பு. பாதையில் குறுக்கே படுத்திருந்தால் படம் எடுக்க நெருங்காமல் பத்தடி தள்ளி நில்லுங்கள். அது எழுந்துபோக கால்மணி நேரம் ஆகலாம். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. பின்னால் வந்த முதியவர் ஒருவர் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.