கண்ணாடி ஸ்லைடில் ரத்த வகை: மூன்றாவது சொட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள்

மதுரைக் கல்லூரிகளில் விலங்கியல், மைக்ரோபயாலஜி, எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) என எதில் சேர்ந்தாலும் ரத்த வகை பார்க்கும் பிராக்டிகல் வந்துவிடும். மூன்று சொட்டு, குச்சியால் ஒரு கலக்கு, ரெக்கார்டில் "ஓ பாசிட்டிவ்" என்று எழுதினால் வேலை முடிந்தது. அந்த மூன்று பாட்டிலிலும் இருப்பது மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் ஒரே வகை எதிர்ப்புரதம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சிவப்பணுவின் சவ்வில் என்ன இருக்கிறது என்று வெறுங்கண்ணாலேயே பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஆன்டிசீரா என்கிற இந்த ஆன்டிபாடி மருந்துகள் மூன்றும் ஒரே பெட்டியாக, பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆன்டி-ஏ நீலம், ஆன்டி-பி மஞ்சள், பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும் ஆன்டி-டி நிறமற்றது. ஆன்டி-டி லேபிளில் மட்டும் "ஐஜிஎம்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். காரணம் பின்னால் வருகிறது. வைக்க வேண்டிய சூடு 2 முதல் 8 டிகிரி. நம் ஊர் மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவராதீர்கள், ஐஸ் பை வேண்டும். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லைடில் ஏ, பி, டி என்று குறித்து, நான்காவதாக ஒரு வட்டத்தைச் செலைனுக்கு (உப்புநீர்) ஒதுக்குங்கள். முதலில் அந்தந்த மருந்தில் ஒவ்வொரு சொட்டு. பிறகு மோதிர விரல் நுனியின் ஓரத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் முழுதாகக் காயவிட்டு லான்செட்டால் (சிறு குத்தூசி) குத்துங்கள். ஸ்பிரிட் ரத்தத்தோடு கலந்தால் அணுக்கள் உடைந்துவிடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்து வருவதை எடுங்கள். மருந்துச் சொட்டைவிட ரத்தச் சொட்டு சிறிதாக இருக்கட்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் புதுக்குச்சி. ஒரே குச்சியால் மூன்றையும் கலக்கினால் எல்லாமே ஏபி பாசிட்டிவ் ஆகிவிடக்கூடும்.

கலக்கியதை 2 செ.மீ. அகலத்துக்குப் பரப்பி, ஸ்லைடை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே இருங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். 2 நிமிடத்துக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஓரம் காய்ந்து மணல்மணலாகத் தெரியும், அதைத் திரளல் என்று நினைத்து ஏமாறுவோம். அந்தந்த மருந்துக்குரிய ஏ, பி அல்லது டி அணுவில் இருந்தால் ரத்தம் திரளும்; திரண்டிருந்தால் திரிந்த பால் மாதிரி கட்டி தனியாக, நீர் தனியாக நிற்கும். செலைன் வட்டம் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். அதுவும் திரண்டால் அந்த ஸ்லைடையே நம்பாதீர்கள்.

இப்போது டி வட்டத்தை உற்றுப் பாருங்கள். ஏ பிரிவு ரத்தம் நீல மருந்தில் சட்டென்று பெரிய கட்டிகளாகத் திரளும். டி-யில் கொஞ்சம் தாமதமாக, பொடிப்பொடியாகத்தான் வரும். மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஏ, பி இரண்டும் உண்மையில் சர்க்கரை நுனிகள். சவ்வுப் புரதங்களிலும் கொழுப்பிலும் ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சிவப்பணுவில் பல லட்சம். டி அப்படியல்ல, அசல் புரதம். 417 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, சவ்வை 12 முறை ஊடுருவிச் செல்கிறது. வெளியே தெரிவது சிறு வளைவுகள்தான். எண்ணிக்கையும் அணுவுக்குச் சுமார் 10,000 முதல் 30,000 வரைதான்.

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு பிடிமுனை மட்டுமே உள்ள ஐஜிஜி வகை ஆன்டிபாடி அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு அணுக்களை இணைப்பது கடினம். பத்து முனையுள்ள ஐஜிஎம் வகை சுலபமாக இணைத்துவிடும். லேபிளைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

இந்த ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது? 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுவான எலியின் பி செல்லைப் புற்று செல்லோடு இணைத்து, ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் செல்வரிசையை உருவாக்கினார்கள். 1984-ல் நோபல் பரிசும் வந்தது. ஆன்டி-ஏ, ஆன்டி-பி பெரும்பாலும் எலி வழி வந்தவை. மனிதனின் டி புரதத்துக்கு எலி சரியான ஆன்டிபாடி தருவதில்லை என்பதால், ஆன்டி-டி மட்டும் மனித பி செல்லிலிருந்து தயாராகிறது.

ஏ, பி இரண்டும் திரளவில்லை என்றால் "ஓ" என்று எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரிந்தது "இல்லை" என்பது மட்டும்தான். 1952-ல் பம்பாயில் கண்டறியப்பட்ட பாம்பே வகை ரத்தமும் இந்த ஸ்லைடில் ஓ போலவே நிற்கும். ஏ, பி-க்கு அடித்தளமான ஹெச் சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டி-ஹெச் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். டி புரதம் குறைவாக இருப்பவர்களையும் ஸ்லைடு நெகட்டிவ் என்று காட்டிவிடலாம். அதனால் ரத்தம் ஏற்றவோ கர்ப்பிணிக்கு ஆன்டி-டி ஊசி போடவோ இந்த முடிவைக் கொடுக்காதீர்கள். அது ரத்த வங்கியின் குழாய்ச் சோதனைக்கான வேலை.

முடித்ததும் லான்செட்டை, ஊசி குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவிலும், ரத்தம் பட்ட பஞ்சை மஞ்சள் பையிலும் போடுங்கள். மேசையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். ஒருவருக்குக் குத்திய லான்செட் அடுத்தவர் விரலுக்குப் போகவே கூடாது, நண்பனாக இருந்தாலும்.