பழைய விண்டோஸுக்கு பேட்ச் பேக் கட்டுபவர்கள் சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

விண்டோஸ் 98, 2000, எக்ஸ்பி ஆகியவற்றுக்கு அதிகாரபூர்வமற்ற சர்வீஸ் பேக் (திருத்தங்களை மொத்தமாகச் சேர்த்துத் தரும் தொகுப்பு) கட்ட இன்றைக்கும் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முதல் வெளியீட்டிலேயே பெரும்பாலோர் விழுவது ஒரே குழியில்தான்: பதிப்புரிமை. காசுக்கு விற்காதே, கிராக் சேர்க்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடலாம்.

"சப்போர்ட் முடிந்துவிட்டதே!"

விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலை 11, விண்டோஸ் 2000-க்கு 2010 ஜூலை 13, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. அந்தத் தேதிகளில் முடிந்தது ஆதரவு மட்டுமே. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கணக்குப் போட்டால் விண்டோஸ் 98-க்கு 2093 முடியும்வரை. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் டவுன்லோட் சென்டரிலிருந்து ஷா-1 என்ற பழைய முறையில் டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்புகளை எடுத்துவிட்டது. அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்பதால் நாம் பகிரலாம் என்று ஆகிவிடாது.

முழு டிஎல்எல்லையும் பொட்டலம் கட்டுவது

இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு சிஸ்டம் டிஎல்எல்லில் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோட் கோப்பு) 4 பைட்டை மாற்றிவிட்டு, முழுக் கோப்பையும் பேக்குக்குள் போட்டுவிடுகிறார்கள். திருத்தம் 4 பைட், கைமாறுவது பல நூறு கிலோபைட் மைக்ரோசாஃப்ட் கோட். திருத்திய வடிவத்தை உருவாக்கும் உரிமை, அதைப் பரப்பும் உரிமை இரண்டுமே உரிமையாளருடையவை. ஹாட்ஃபிக்ஸின் (மைக்ரோசாஃப்ட் வெளியிடும் தனித் திருத்தம்) லைசென்ஸ், முறையாக வாங்கிய விண்டோஸ் வைத்திருப்பவர் அதை நிறுவிக்கொள்ளத்தான் இடம் தருகிறது. மூன்றாம் ஆள் மறுபடி பொட்டலம் கட்டுவதற்கு அல்ல.

வழி இருக்கிறது: மூலக் கோப்புக்கும் திருத்தியதற்கும் உள்ள வித்தியாசத்தை (டெல்டா) மட்டும் கொடுங்கள். அதற்கான எக்ஸ்டெல்டா, பிஎஸ்டிஃப், பிபிஎஸ் வடிவங்களில் எதுவானாலும் சரி. ஐபிஎஸ் வேண்டாம். மூலக் கோப்பு சரியானதுதானா என்று அது பார்ப்பதே இல்லை. பிபிஎஸ் மூலத்தின் சிஆர்சி32-ஐ (சரிபார்ப்பு எண்) தனக்குள்ளேயே வைத்திருக்கும். பயனரின் கணினியில் உள்ள கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) முதலில் சரிபாருங்கள். மொழிப் பதிப்புக்கும் ஹாட்ஃபிக்ஸுக்கும் ஏற்ப அது மாறும். பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பொருந்தினால் நகல் எடுத்துவிட்டு பேட்ச் செய்யுங்கள். 2000, எக்ஸ்பியில் டிஎல்எல்கேஷ் ஃபோல்டரில் உள்ள பிரதியையும் மாற்றாவிட்டால் விண்டோஸ் ஃபைல் ப்ரொடெக்‌ஷன் பழையதையே திரும்ப வைத்துவிடும். பிஇ செக்சம்மையும் (கோப்பின் தலைப்பகுதியில் உள்ள சரிபார்ப்பு எண்) புதிதாகக் கணக்கிடுங்கள். பூட் நேரத்தில் ஏறும் கோப்புகளில் அது தவறாக இருந்தால் கணினியே எழாது.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் சிலர் போலி டெல்டா செய்கிறார்கள். விண்டோஸ் 2000-இன் டிஎல்எல்லை 98-க்குக் கொண்டுவர வேண்டும். உடனே 98-இன் கோப்புக்கும் 2000-இன் கோப்புக்கும் இடையே ஒரு டெல்டா. இரண்டுக்கும் பொதுவாகப் பெரிதாக எதுவும் இல்லாததால் 2000-இன் கோடு கிட்டத்தட்ட முழுதாக அந்த டெல்டாவுக்குள் உட்கார்ந்திருக்கும். அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாலு பைட் மாற்றத்துக்குச் சில நூறு பைட் போதும். அழுத்திய டிஎல்எல் அளவுக்கு டெல்டா வந்தால் நீங்கள் டிஎல்எல்லைத்தான் வேறு உறையில் அனுப்புகிறீர்கள். அதற்குப் பதில், பயனர் தன்னிடம் உள்ள ஹாட்ஃபிக்ஸிலிருந்தே கோப்பை எடுக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். 2000, எக்ஸ்பி ஹாட்ஃபிக்ஸ்களைப் பெரும்பாலும் கட்டளை வரியில் எக்ஸ் சுவிட்ச் (/x) கொடுத்துப் பிரிக்கலாம். அல்லது இல்லாத ஃபங்ஷன்களை நீங்களே எழுதி ஒரு தனி டிஎல்எல்லாகக் கொடுங்கள். புதிய விண்டோஸுக்கான நிரல்களை 98-இல் ஓடவைக்கும் கெர்னல்எக்ஸ் போன வழி அதுதான்.

"ஐரோப்பாவில் டீகம்பைல் செய்யலாமே" என்பார்கள், அதாவது நிரலைப் பிரித்து சோர்ஸ் கோடாக மீட்டுப் பார்ப்பது. 2021 அக்டோபரில் டாப் சிஸ்டம் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது, முறைப்படி வாங்கியவர் பிழை திருத்துவதற்காக டீகம்பைல் செய்யலாம் என்று. பரப்பலாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, நிரலைத் தன் பயன்பாட்டுக்காக நகலெடுக்க, மாற்ற, பிரதியின் உரிமையாளருக்கே சலுகை தருகிறது. லைசென்ஸ் பெற்றவர் உரிமையாளர் ஆகாமலும் போகலாம் என்று 2010-இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எக்ஸ்பியை பிஓஎஸ்ரெடி ஆக்குவது

ஒரு ரெஜிஸ்ட்ரி வரி சேர்த்தால் பிஓஎஸ்ரெடி 2009-க்கான (கடை பில்லிங் இயந்திரங்களுக்கான எக்ஸ்பி வகை) அப்டேட்டுகள் 2019 ஏப்ரல் வரை எக்ஸ்பிக்கும் வந்தன. வந்ததால் லைசென்ஸும் கூடவே வந்தது என்று நினைக்கிறார்கள். அவை வேறொரு தயாரிப்புக்கானவை. பயனர் தானே இறக்கிக்கொள்வது ஒன்று, அவற்றை பேக்கில் அடைத்துக் கொடுப்பது வேறொன்று.

கசிந்த சோர்ஸ் கோட்

திறக்கவே திறக்காதீர்கள். 2004-இல் விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000 ஆகியவற்றின் கோடும், 2020-இல் எக்ஸ்பியின் கோடும் கசிந்தன. பார்த்துவிட்டு எழுதிய கோடு சுத்தமானது என்று நிரூபிப்பது பெரும்பாடு. 2006-இல் சந்தேகம் கிளம்பியதற்கே விண்டோஸுக்கு இணக்கமான திறந்த மூல இயங்குதளமான ரியாக்ட்ஓஎஸின் குழு தன் கோடைத் தணிக்கை செய்ய வேண்டியதாயிற்று.

ப்ராடக்ட் கீ

விண்டோஸ் தானாக நிறுவப்படுவதற்கான விடைகளை எழுதிவைக்கும் கோப்புகளான வின்என்டி.எஸ்ஐஎஃப் (WINNT.SIF), எம்எஸ்பேட்ச்.ஐஎன்எஃப் (MSBATCH.INF) இரண்டையும் வெளியிடும் முன் திறந்து பாருங்கள். உங்கள் கீ அங்கேதான் இருக்கும்.

பெயர்

"அதிகாரபூர்வமற்ற" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும், லோகோ வேண்டாம்.

ஜிபிஎல்

கெர்னல்எக்ஸ் வருவது ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸில். அதை பேக்கில் சேர்த்தால் அதன் சோர்ஸையும் கொடுத்தாக வேண்டும். மைக்ரோசாஃப்டுக்குப் பயந்து நடுங்குபவர்கள்கூட இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஐஎஸ்ஓ

விண்டோஸ் சிடியின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பைப் பகிரவே கூடாது. நிறுவல் சிடியை மாற்றியமைக்கும் என்லைட் நிரலின் ப்ரீசெட் கோப்பை (அமைப்புகளின் பட்டியல்) மட்டும் கொடுங்கள். சிடியைப் பயனரே போட்டுக்கொள்வார்.